ஓடாத எஸ்கலேட்டர்

தென்காசியில் தங்கப்பழம் ஸ்டோர்ஸைத் தெரியாதவர் கிடையாது. நாலு மாடி. குண்டூசி முதல் கல்யாணப் பட்டு வரை எல்லாம் ஒரே இடத்தில். ஊரின் முதல் எஸ்கலேட்டர் அங்கேதான் வந்தது.

முதலாளி தங்கப்பழத்துக்கு அறுபத்தோரு வயது. பன்னிரண்டு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல், குற்றாலம் சாலையில் ஒரு சின்ன ஆசிரமத்துக்குப் போவார். அங்கிருந்த துறவி உமையாள் அம்மை அவரைவிட இருபது வயது இளையவர். தங்கப்பழம் அம்மைக்கு எதிரே அரைமணி நேரம் உட்காருவார், எழுந்து வந்துவிடுவார். எதுவும் கேட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை கேட்டார்.

"அம்மா, எல்லாரும் போன்லயே வாங்குதாவ. ஒரு ஆன்லைன் கம்பெனி என் கட்டடத்தைக் குடோனுக்குக் கேக்கு. இன்னைக்குக் கையெழுத்து வாங்க ஆள் வருது. போட்டுரவா?"

"உங்களுக்கு இஷ்டமா அண்ணாச்சி?"

"வயிறு எரியுதும்மா. நாப்பது பேர் வேலை பாக்காவ."

உமையாள் எழுந்து செருப்பை மாட்டினார். "வாங்க, கடையைப் பார்ப்போம்."

கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கம்பெனி ஆள் ரெக்ஸ், முப்பது வயதுக்காரர், ஃபைலோடு கல்லாவுக்குப் பக்கத்தில் காத்திருந்தார். உமையாள் நேரே எஸ்கலேட்டரிடம் போனார். குறுக்கே கயிறு கட்டியிருந்தது.

"இது ஏன் ஓடலை?"

"நான்தான் நிறுத்தினேன். சுத்துப்பட்டுல இருந்தெல்லாம் பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்து ஏறி விளையாடுதாவ. ஒரு கைக்குட்டை வாங்க மாட்டாவ. கரண்டு சும்மாவா வருது?"

"ஓட விடுங்க. நான் இதுல ஏறினதே இல்லை."

தங்கப்பழம் கயிற்றை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டார். சுவிட்சைப் போட்டதும் படிகள் கடகடவென்று நகர்ந்தன. உமையாள் ஒரு காலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். சேலைப் பிரிவில் வேலை பார்க்கும் பொன்னுத்தாய் ஓடிவந்து கையைப் பிடித்தாள். மேலே போய்ச் சேர்ந்ததும் அம்மை வாய்விட்டுச் சிரித்தார். துறவிகள் அப்படிச் சிரிக்கலாமா என்று எனக்குத் தெரியாது, ஆனால் பார்க்க நன்றாக இருந்தது.

"இன்னொரு தடவை," என்றார்.

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தவர்கள் உள்ளே வந்தார்கள். ஆலங்குளம் பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு வந்தார்கள். பயந்து நின்ற மாமியாரை மருமகள் இழுத்து ஏற்றினாள். நாலு மாடியும் அமர்க்களப்பட்டது. தங்கப்பழம் அண்ணாந்து மாடி மாடியாகப் பார்த்தார். இப்படி ஒரு இரைச்சலைக் கேட்டு இரண்டு தீபாவளி ஆகியிருந்தது.

ஒரு மணி நேரத்தில் விற்றது இரண்டு சீப்பு, ஒரு பனியன்.

"பாத்தீங்களாம்மா, இவ்வளவு கூட்டம், யாரும் ஒண்ணும் வாங்கலை. நான் கையெழுத்தைப் போட்டுருதேன். அந்தத் தம்பி எங்கே?"

ரெக்ஸ் எஸ்கலேட்டரில் போய்க்கொண்டிருந்தார். ஃபைல் பொன்னுத்தாய் கையில் இருந்தது.

"இதோ வந்துட்டேன் சார். இன்னும் ஒரே தடவை."

தங்கப்பழத்துக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "சொல்லுங்கம்மா. ஒண்ணும் வாங்காம வாறவங்களை வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய?"

"அண்ணாச்சி, பன்னெண்டு வருசமா என்கிட்ட வாறீங்க. நீங்க என்ன வாங்கிட்டுப் போனீங்க?"

தங்கப்பழம் பொன்னுத்தாயிடமிருந்து ஃபைலை வாங்கினார். கையிலிருந்த கயிற்றால் அதைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். ரெக்ஸிடம் திருப்பிக் கொடுக்க, அவர் இறங்கி வரும்வரை அதைப் பிடித்துக்கொண்டு, படிகள் ஓடுவதைப் பார்த்தபடி நின்றார்.