குளத்து நாதஸ்வரம்

குரு என்று யாராவது சொன்னால் ஜெபராணிக்குச் சிரிப்பு வந்துவிடும். அவளுக்கு வயது முப்பத்தொன்று. கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. சீடருக்கு ஐம்பத்தெட்டு. பெயர் நயினார். முப்பது வருடமாகக் கல்யாண போட்டோகிராபர்.

"டீச்சர்" என்றுதான் அவர் கூப்பிடுவார்.

"நான் டீச்சர் இல்ல அண்ணாச்சி. ஸ்லைடு கழுவுறவ."

"எனக்கு அதுகூடத் தெரியாதுல்லா. அப்போ டீச்சர்தான்."

விஷயம் இதுதான். ஊர் நடுவில் ஒரு குளம். அதை மண் போட்டு மூடி பஸ் ஸ்டாண்ட் கட்டுவது என்று முடிவாகியிருந்தது. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பொறியாளர் எழுந்தார். தொண்டையைச் செருமினார். ஒவ்வொரு சொல்லையும் எடைக்கல் மாதிரி எடுத்து வைத்தார்.

"பொதுமக்களுக்குத் தெரிவிப்பது என்னவென்றால், அது, செத்த, தண்ணீர். மீன் கிடையாது. தவளை கிடையாது. கொசுகூட மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் பறக்கு."

கூட்டம் சிரித்தது. நயினார் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார்.

"உசிரு இருக்கு சார். நான் படம் பிடிச்சுக் காட்டுதேன்."

"தாராளமா. திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் கலெக்டர் வாராங்க. மனுவில படத்தை ஒட்டிக் குடுங்க. இல்லைன்னா அன்னைக்கே மண் லாரி வந்துரும்."

குளத்தில் என்ன இருக்கிறது என்று நயினாருக்குத் தெரியாது. பேச்சு வாயைவிட்டு வந்துவிட்டது. ஊரே கேட்டுவிட்டது. மறுநாள் காலையில் ஒரு வாளித் தண்ணீரோடு ஆய்வக வாசலில் நின்றார்.

ஜெபராணி வாளியை வாங்கி உள்ளே வைத்தாள். வாளியில் மிதந்த பாசியில் ஓர் இலையைக் கிள்ளினாள். ஒரு சொட்டு நீரோடு ஸ்லைடில் வைத்து, மைக்ரோஸ்கோப்பின் அடியில் தள்ளினாள்.

நயினார் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

"டீச்சர்! யாரோ நாதஸ்வரம் வாசிக்காவ!"

இலையில் கால் ஊன்றி, மேலே வாய் அகன்று, நீல நிறத்தில் அது நின்றுகொண்டிருந்தது. வாயைச் சுற்றி மயிரிழைகள் சுழன்று தண்ணீரை உள்ளே இழுத்தன.

"ஸ்டென்டார்னு பேரு" என்றாள் அவள். "ஒத்தை செல்லு. அதுக்குள்ளேயே வாய், வயிறு, எல்லாம்."

நயினார் மைக்ரோஸ்கோப்பில் மாட்டியிருந்த கேமராவைத் தொட்டார். மேசை லேசாக ஆடியது. நாதஸ்வரம் சுருண்டு உருண்டையாகிவிட்டது.

அவருக்குக் கிடைத்த முதல் படம் அந்த உருண்டைதான். பொறியாளருக்குப் போனில் அனுப்பினார். உடனே பதில் வந்தது.

"என்னங்க இது? மூக்குச் சளியா?"

அன்றிலிருந்து வகுப்பு முடிந்ததும் நயினார் வந்து உட்கார்ந்துவிடுவார். கல்யாண வீட்டுப் பழக்கம் எளிதில் போகுமா? வெளிச்சத்தை முழுசாகத் திருப்பி வைத்தார். லென்ஸைப் பார்த்துக் குழைந்தார்.

"மாப்ளே, கொஞ்சம் நிமிந்து பாருங்க. ஆங். அப்படியே. பொண்ணு வீட்டுக்காரவ எல்லாம் பாத்துக்கிட்டிருக்காவ, கூச்சப்படாதீய. ரெடி, ஒன், டூ..."

மாப்பிள்ளை உருண்டையாகவே இருந்தார்.

"டீச்சர், இது ஏன் விரிய மாட்டேங்கு?"

ஜெபராணி மேசை விளக்கை எடுத்தாள். நேராக அவர் கண்ணில் அடித்தாள். மற்ற கையால் மேசையைப் படார் என்று தட்டினாள்.

"சிரிங்க அண்ணாச்சி!"

நயினார் கண்ணை இறுக்கி மூடி, தோளைக் குறுக்கிக்கொண்டார்.

அவள் விளக்கை அணைத்துவிட்டுக் குழாயடிக்குப் போய்விட்டாள். அதன்பிறகு அவர் வெளிச்சத்தைப் பாதிக்கும் கீழே இறக்கினார். முழங்கையை மேசையிலிருந்து எடுத்தார். ஒன், டூ சொல்வதை விட்டார். மேலே மூடும் மெல்லிய கண்ணாடி உயிரை நசுக்காமல் இருக்க, அதன் நாலு மூலையிலும் வாசலின் களிம்பால் பொட்டு வைக்கக் கற்றார். முப்பத்தாறு கண்ணாடி உடைந்தது. முப்பத்தேழாவது உடையவில்லை.

நாதஸ்வரம் விரிய ஆரம்பித்தது. ஆனாலும் படம் அமையவில்லை. அந்த லென்ஸுக்குத் தெளிவாகத் தெரிகிற ஆழம் ஒரு நூலிழைகூடக் கிடையாது. வாயைத் தெளிவாக்கினால் கால் மங்கும். காலைத் தெளிவாக்கிப் பட்டனைத் தொடுவதற்குள் வாய் மூடிக்கொள்ளும்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் கணக்கில் நானூறு படம். ஒன்றும் தேறவில்லை.

"நாளைக்கு வாங்க. சாவி என்கிட்டதான் இருக்கு" என்றாள் ஜெபராணி.

ஞாயிற்றுக்கிழமை நயினார் வரும்போதே முகம் முழுக்கப் பல். பெரிய அளவில் பிரிண்ட் போட்ட படத்தை மேசையில் விரித்தார். மயிரிழை ஒவ்வொன்றும் எண்ணிவிடலாம்போல் வாய். இலையைப் பற்றிய கால், கத்தி மாதிரி தெளிவு. உடம்பெல்லாம் நீலம் மின்னியது.

ஜெபராணி படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது எது அண்ணாச்சி?"

"நம்ம நாதஸ்வரம்தான்."

"எந்த நாதஸ்வரம்?"

நயினார் காதைச் சொறிந்தார்.

"வாய் வியாழக்கிழமை எடுத்தது. கால் சனிக்கிழமை எடுத்தது. நடுவுல கொஞ்சம் நான் தடவிவிட்டேன்."

அவள் படத்தை மேசையில் வைத்தாள்.

"ரெண்டும் அதே குளத்துத் தண்ணிதான் டீச்சர். வெளியிலிருந்தா கொண்டுவந்தேன்? இதுல பொய் எங்க இருக்கு? கல்யாண குரூப் போட்டோவுல மாமா கண்ணை மூடிட்டாருன்னா, இன்னொரு படத்துல அவரு தெறந்த கண்ணை எடுத்து வைக்கோம். யாரும் கேக்கது கிடையாது. மாமா கண்ணுதான?"

"எப்பவும் மாமா கண்ணுதானா?"

"ஒரு தடவை... அவசரத்துக்குச் சித்தப்பா கண்ணை வச்சேன். கல்யாண வீட்டுல ஒருத்தரும் கண்டுபிடிக்கல."

"மாமா?"

"அவரு கண்டுபிடிச்சிட்டாரு."

ஜெபராணி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். குளத்துத் தண்ணீர் இருந்த ஜாடியையும், ஒரு சொட்டுக்குழாயையும், கழுவிய ஸ்லைடுகளையும் அவர் பக்கம் நகர்த்தினாள். படத்தை அவர் கண்ணுக்கு நேராகச் சுவரில் சாய்த்துவைத்தாள்.

"இதைக் கண்டுபிடிச்சுக் காட்டுங்க. போதும்."

"எதை?"

"படத்துல இருக்கிறதை."

அவள் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நயினார் நினைத்தார். அவள் முகத்தைப் பார்த்தபிறகு நினைக்கவில்லை. உட்கார்ந்தார். ஒரு சொட்டு. அடுத்த சொட்டு. ஒன்று குட்டையாக இருந்தது. ஒன்றின் வாய் கோணல். ஒன்று இலையை விட்டுவிட்டு நீந்திப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்ப்பார். தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஸ்லைடை எடுப்பார். மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. ஜாடியின் அடிவரைக்கும் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். பத்தொன்பது ஸ்டென்டார் பார்த்திருந்தார்.

"இல்ல டீச்சர்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"கடைசிச் சொட்டு வரைக்கும் பாத்துட்டேன். இந்தப் படத்துல இருக்கிற உசிரு அந்தக் குளத்துல இல்லை."

"இதையேதான அந்த இன்ஜினியரும் சொல்லுதாரு?" என்றாள் ஜெபராணி.

நயினார் சுவரிலிருந்து படத்தை எடுத்தார். நாலாக மடித்தார். அப்புறம் எட்டாக மடித்தார். அதற்குமேல் அந்தத் தாள் மடியவில்லை.

"நாளைக்கு எத்தனை மணிக்குத் தெறப்பீய?"

"ஆறு."

திங்கட்கிழமை ஐந்தே முக்காலுக்கு அவர் புது வாளித் தண்ணீரோடு படியில் இருந்தார். ஆறரைக்கு முதல் ஸ்லைடு. ஏழரைக்கு ஏழாவது. எட்டேகாலுக்கு இலை நுனியில் ஒரு நாதஸ்வரம் கால் ஊன்றியிருப்பதைக் கண்டார். அது மூடியிருந்தது. அவர் காத்திருந்தார். ஒரு கண் லென்ஸில். மூச்சு பாதி உள்ளே, பாதி வெளியே. முதுகு வலித்தது, நெளியவில்லை. வெளியே ரோட்டில் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது, அவர் திரும்பவில்லை.

ஒன்பது ஐந்துக்கு அது விரிந்தது. நயினாரின் விரல் அசைந்தது. வேறு எதுவும் அசையவில்லை.

ஒரே ஒரு படம். அடுத்ததற்குள் அது சுருண்டுவிட்டது.

பிரிண்ட் எடுத்துப் பார்த்தார்கள். வாய் திறந்திருந்தது. மயிரிழைகள் சுழன்ற இடம் கொஞ்சம் கலங்கியிருந்தது. வயிற்றுக்குள் அது காலையில் விழுங்கிய பச்சைத் துணுக்கு ஒன்று. கீழே போகப் போக உடம்பு மங்கி, கால் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் பச்சை மூட்டம்.

நயினார் படத்தை மனுவில் ஒட்டினார். பசை காயும்வரை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். மணி பத்தைத் தாண்டியிருந்தது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"டீச்சர், அந்த ஆளைப் பத்தி எனக்குத் தெரியும். கலெக்டர் முன்னாடியே தொண்டையைச் செருமுவாரு. 'பொதுமக்களுக்குத் தெரிவிப்பது என்னவென்றால், இதுக்கு, கால், எங்கே?'ன்னு கேப்பாரு. நான் என்ன சொல்ல?"

ஜெபராணி குழாயைத் திறந்து, காலையில் அழுக்கான ஸ்லைடுகளை ஒவ்வொன்றாகக் கழுவ ஆரம்பித்திருந்தாள்.

"குளத்துல ஊன்றியிருக்குன்னு சொல்லுங்க அண்ணாச்சி."