ஜன்னலுக்குக் கீழே பூக்காத செவந்தி

நிலக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன மடம். அங்கே மூத்த சாமி இருந்த அறை என்று ஒன்று உண்டு. அந்த அறையில் வெளிச்சம் அணையக் கூடாது என்பது மடத்து வழக்கம். மூத்த சாமி காலத்தில் அது ஓர் அகல் விளக்கு. சுண்டைக்காய் அளவு சுடர், அவ்வளவுதான். பிறகு ஒரு பக்தர் வந்தார். தினமும் எண்ணெய் ஊற்றும் சிரமம் எதற்கு என்று வெள்ளை டியூப் லைட் ஒன்றை மாட்டிவிட்டுப் புண்ணியம் தேடிக்கொண்டார். அன்றிலிருந்து ராத்திரியும் அந்த அறை பட்டப்பகல்தான்.

அங்கே படுப்பது பெரிய மரியாதை. மடத்துப் பொறுப்பைப் பார்க்கிறவருக்குத்தான் கிடைக்கும். ஆனால் யார் போய்ப் படுத்தாலும் கொஞ்ச நாளில் கடுகடுவென்று ஆகிவிடுவார். எதற்கெடுத்தாலும் வள்ளென்று விழுவார். ஊர்க்காரர்கள் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். மூத்த சாமியின் உக்கிரம் இறங்குகிறதாம்! கன்னத்தில் போட்டுக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

இப்போது அந்த அறை தாண்டவராயருக்கு. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு மடமே கதி என்று வந்துவிட்டார். மடத்தின் குரு தில்லையம்மை அவரைவிட இருபது வயதாவது இளையவர். ஆனாலும் அவர் 'அம்மா' என்பார், அம்மை 'அய்யா' என்பார். ஒரு காலத்தில் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரையும் இனிஷியலோடு சொன்ன மனுஷர். தன் ஞாபகசக்தியின் மேல் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

கண் கூசினால் ஒரு துண்டையாவது போட்டு மூடிக்கொள்ளலாம் இல்லையா? மாட்டார். சாமி வெளிச்சத்துக்கு முகத்தை மறைப்பதா என்று மல்லாந்தே கிடப்பார். தூங்கியும் தூங்காமலும் புரண்டுவிட்டு, விடியும்போது தலைக்குள் பஞ்சை அடைத்த மாதிரி எழுந்து வருவார்.

மூத்த சாமியின் குருபூசை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலையில் பூசைப் பாத்திர அலமாரியின் சாவியைக் காணோம். தாண்டவராயர் மடத்தையே தலைகீழாகப் புரட்டினார். கடைசியில் சமையல்கட்டுக்குள் நுழைந்தார். குருவம்மாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மடத்தில் எல்லோருக்கும் வருஷக்கணக்காகப் பொங்கிப் போட்டவள்.

"சாவி எங்க?"

"நீங்கதானே சாமி நேத்து கோலமாவுப் பானைக்குள்ள வச்சீங்க. குருபூசை வரைக்கும் யாரும் தொடமாட்டாங்கன்னு சொன்னீங்களே."

"நானா? நான் செஞ்சிருந்தா எனக்கு ஞாபகம் இருக்காதா?"

"இருங்க சாமி, எடுத்துத் தர்றேன்." அவள் எழுந்து பானையிடம் போனாள்.

"திருடினதும் இல்லாம கதை வேற கட்டுறியா?"

குருவம்மாள் அப்படியே நின்றாள். பானையைத் தொடவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனவள் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகாவது அந்த மனுஷர் பானையைத் திறந்து பார்த்தாரா? இல்லை. மறுநாள் யாரோ மாவைச் சலிக்க எடுத்தார்கள். சாவி உள்ளேதான் கிடந்தது.

தாண்டவராயருக்கு உயிரே போய்விட்டது. குருவம்மாள் வத்தலக்குண்டில் மகள் வீட்டில் இருக்கிறாள் என்று கேட்டறிந்து, முதல் பஸ்ஸைப் பிடித்து ஓடினார். குருவம்மாள் வாங்க என்றாள். உட்காரச் சொன்னாள். மோர் கொடுத்தாள்.

"தப்புப் பண்ணிட்டேன், குருவம்மா. வந்துடு."

"கோபமெல்லாம் இல்ல சாமி. ஆனா மறுபடி அந்த அடுப்பு முன்னாடி வந்து உட்கார எனக்குக் கால் வரல."

அவர் திரும்பி வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. நேரே தில்லையம்மையிடம் போனார்.

"அம்மா, இத்தனை வருஷமா கண்ணை மூடித் தியானத்துல உட்கார்றேன். அந்த வார்த்தை எங்கிருந்தும்மா வந்துச்சு?"

அம்மை எழுந்து தோட்டத்துக்கு நடந்தார். குருபூசை மாலைக்காகத் தாண்டவராயரே பார்த்துப் பார்த்து வளர்த்த செவந்திப் பாத்திகள் அங்கே இருந்தன.

"பூ எப்படி, அய்யா?"

"எல்லாம் நல்லா வந்திருக்கும்மா. என் ஜன்னலுக்குக் கீழே இருக்கிற பாத்திதான் மோசம். வெறும் இலை. ஒரு மொட்டுகூட வைக்கல."

"நாத்து வேறயா?"

"அதே நாத்துதான்."

"தண்ணி?"

"இதுக்குத்தாம்மா அதிகமா ஊத்துறேன். உரமும் அதிகம். எல்லாம் இலையாவே போகுது."

"ராத்திரியில என்ன கொடுக்கிறீங்க?"

அவருக்குப் புரியவில்லை. நன்றாக இருட்டிவிட்டிருந்தது. அறையின் வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்து பாத்தியின் மேல் வெள்ளை வேட்டியை விரித்த மாதிரி விழுந்து கிடந்தது. அது விழுந்த இடம் மட்டும் பச்சை. அதைத் தாண்டி, இருட்டுக்குள், ஒவ்வொரு செடியும் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துத் தள்ளியிருந்தது. தாண்டவராயர் செடியைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். உள்ளே விரித்திருந்த தன் பாயைப் பார்த்தார்.

அம்மை அறைக்குள் போய் சுவிட்சைத் தட்டினார்.

"ஐயோ அம்மா! மூத்த சாமி வெளிச்சம்!"

அம்மை பரணிலிருந்து பழைய அகலை எடுத்துத் துடைத்தார். எண்ணெய் ஊற்றி ஏற்றி, அறைக்கு வெளியே நடையில் இருந்த மாடத்தில் வைத்தார்.

"டியூப் லைட்டு மாட்டின அன்னைக்கு நானும் பக்கத்துல நின்னு கையெடுத்துக் கும்பிட்டேன், அய்யா. அதுல உங்களைக் கொண்டுபோய்ப் படுக்க வச்சதும் நான்தான்."

 

மூன்று நாள் போனது. நாலாம் நாள் தாண்டவராயர் வெயில் ஏறிய பிறகு எழுந்து வந்தார். முகம் தெளிந்திருந்தது. கண் மட்டும் கலங்கியிருந்தது.

"தூங்கினீங்களா, அய்யா?"

"தூங்கினேம்மா. கண்ணு முழிச்சதும் எல்லாம் ஞாபகம் வருது. சாவியை உள்ளே போடும்போது பானை மூடியைப் பிடிச்சிக்கிட்டு நின்னதே குருவம்மாதான். 'மறந்துடாதீங்க சாமி'ன்னு சிரிச்சா. அந்தச் சிரிப்புகூட ஞாபகம் வருதும்மா."



நாளைக்குக் குருபூசை. முற்றத்தில் பெண்கள் உட்கார்ந்து செவந்தி மாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். சமையல்கட்டில் யாரோ புது ஆள். தாளிக்கும் வாசனையே வேறாக இருந்தது.

தாண்டவராயர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இருட்டுல விட்டாச்சு இல்லையாம்மா? இனிமே அந்தப் பாத்தி பூக்குமா?"

"பூக்கும், அய்யா. குருபூசைக்குத்தான் இருக்காது."