கரிச்சான் பாட்டும் தவளைகளின் டீகோடிங்கும்

நந்தவனக் குளமொன்றின் கரையில், கரிச்சான் குருவி ஒன்று நாள்தோறும் வைகறையில் இறைவனைத் துதித்துப் பாடும். குளத்துத் தவளைகள் அதன் பெரும் ரசிகர்கள். அவற்றின் தலைவன் தத்தன். கரிச்சான் ஓரடி பாடி மூச்சு வாங்குவதற்குள் அவன் விளக்கம் தொடங்கிவிடும். அதற்குத் தவளைகள் இட்ட பெயர் ‘டீகோடிங்’.

அந்தப் பாட்டைக் கேட்கவே ஓர் ஆமை நெடுந்தூரம் நடந்து வந்தது. கண்மூடிக் கேட்கலாயிற்று.

“தம்பி, ‘தாமரை அலர்ந்தது’ என்கிறாரே, அது குறியீடு,” என்றான் தத்தன் ஆமையிடம்.

“தாமரை அலர்ந்துதானே இருக்கிறது, அண்ணே?”

“வெளியூர்க்காரனுக்கு அப்படித்தான் தோன்றும்.”

“மரண மாஸ், தலைவா!” என்றன மற்றவை.

கரிச்சான் தும்மிற்று.

“வேற லெவல்! அந்தத் தும்மலில் ஒரு தத்துவம் இருக்கிறது.”

“சளி பிடித்திருக்கும், அண்ணே.”

தவளைகள் ஆமையைப் பார்த்துச் சிரித்தன.

திடீரெனப் பாட்டு அறுந்தது. “படித்துறைப் பிளவருகே பாம்பு! குஞ்சுகளைக் காத்துக்கொள்ளுங்கள்!” என்று கரிச்சான் கூவிற்று.

அந்தப் பிளவில்தான் தத்தனின் தலைப்பிரட்டைகள் நீந்திக்கொண்டிருந்தன. அவனோ, “பாம்பு என்பது ஆணவம். குஞ்சு என்பது நம் சிறு மனம். தெறி!” என்றான்.

கரிச்சான் மீண்டும் கதறிற்று.

“பல்லவிக்குத் திரும்புகிறார்,” என்றான் தத்தன்.

ஆமை கண்திறந்தது. பிளவருகே நீர் நெளிவதைக் கண்டு, விரைந்து நீந்திச் சென்று, தன் ஓட்டால் பிளவின் வாயை அடைத்தது. தண்ணீர்ப்பாம்பு ஓட்டில் முட்டி முட்டித் தலைநொந்து, கோரைக்குள் மறைந்தது. அதன் வாலைக் கண்ட பிறகே தவளைகளுக்கு உண்மை உறைத்தது.

தத்தன் பதறித் தாவி வந்து பிளவினுள் எட்டிப் பார்த்தான். பிள்ளைகள் நலமாயிருந்தன.

“அவர் பாம்பு என்றது பாம்பைத்தான், அண்ணே,” என்றது ஆமை மெல்ல.

தத்தன் கரிச்சானை அண்ணாந்து பார்த்தான். “பாடகரே, உம்மைப் பேசவே விடாமல் நான் பேசிக்கொண்டிருந்துவிட்டேன்.”

“நாளையும் வாரும். வாயை மட்டும் தாமரையிலைக்கு அடியில் வைத்துவிட்டு வாரும்,” என்றது கரிச்சான்.

மறுநாள் வைகறையில் தத்தன் தன் பிள்ளைகள் சூழ, பாட்டு முடியும்வரை அசையாதிருந்தான்.

“டீகோடிங் இல்லையா, தலைவா?” என்றது ஒரு தவளை.

“தாமரை அலர்ந்திருக்கிறது, பார்,” என்றான் தத்தன்.

நாம் போற்றும் ஒருவரின் சொல்லைப் பிறர்க்கு விளக்கப் புகுமுன், அதை நாம் முழுமையாகக் கேட்டிருக்க வேண்டும்.