பட்டியலில் எழுதாத பெயர்

மெக்சிகோவில், சகாடெகாஸ் நகரத்துக் கால்பந்து அணி ஒன்றில் எலூதெரியோ பதினைந்து ஆண்டுகள் நடுக்களத்தில் ஆடினான். பந்து எங்கிருந்து கிளம்பினாலும் அவன் காலைத் தொட்டுவிட்டுத்தான் போகும். முழங்கால் கெட்டதும் அதே அணிக்கு அவனைப் பயிற்சியாளர் ஆக்கினார்கள்.

முதல் ஆண்டே அணி இறுதிப் போட்டிக்கு வந்தது. களமிறங்கும் பதினோரு பேரை அவன்தான் எழுத வேண்டும். நிக்கனோரின் பெயரை எழுதவில்லை.

நிக்கனோர் அவனோடு பல ஆண்டுகள் ஒரே அறையில் தங்கியவன். எலூதெரியோவின் மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவன். ஆனால் ஓட்டம் குறைந்துவிட்டது.

அணி வென்றது. திரும்பும் பேருந்தில் ஒரே பாட்டு. முன்னிருக்கையில் எலூதெரியோ தனியாக உட்கார்ந்திருந்தான். நிக்கனோர் முகம் பார்க்காமல் அவனைக் கடந்து பின்னால் போனான்.

மறுநாள் காலை எலூதெரியோ தன் பழைய பயிற்சியாளர் எவாரிஸ்தோவின் வீட்டுக்குப் போனான். கிழவர் அடுப்பில் பயறு வேகவைத்துக்கொண்டிருந்தார்.

"ஜெயித்தவன் முகமா இது?"

"ஆசானே, நிக்கனோரை ஆடவிடாதது தப்பா?"

"ஆட்டத்துக்கு அதுதான் சரி."

"ஆடிய காலத்தில் என்னைச் சுற்றி எப்போதும் ஆள் இருக்கும். இப்போது நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. சரியானதைச் செய்தவனுக்கு ஏன் இப்படி?"

கிழவர் பயறைக் கிளறினார்.

"அப்போது உனக்கு இருபத்தொரு வயது. அரையிறுதியில் உன்னை வெளியே உட்கார வைத்தேன்."

"மறப்பேனா? ஒரு மாதம் உங்களோடு பேசவில்லை."

"அந்த ஒரு மாதம் நான் எங்கே சாப்பிட்டேன்?"

எலூதெரியோ யோசித்தான். உணவுக்கூடத்தின் நீள மேசை நினைவுக்கு வந்தது. தான் உட்கார்ந்த இடம், பக்கத்தில் நிக்கனோர், எதிரே கோல்காப்பாளன். எல்லோரும் வந்தார்கள். ஆசான் மட்டும் எங்கும் இல்லை.

"தெரியவில்லை, ஆசானே. நான் கவனிக்கவே இல்லை."

கிழவர் அடுப்பை அணைத்தார்.

"துணி துவைக்கும் அறையில்," என்றார். "உன் சட்டை அங்கே கொடியில் தொங்கும். அதற்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவேன்."