வியாழக்கிழமைத் திருகு

பாலக்கரையில் தஸ்லீமாவின் கைப்பை ரிப்பேர் கடைக்குள் இரண்டு ஸ்டூல் போடத்தான் இடம். ஒன்றில் குரு தஸ்லீமா, வயது முப்பத்திரண்டு. இன்னொன்றில் சிஷ்யை குந்தவை டீச்சர், வயது அறுபது. பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். தொழில் பழக வந்திருந்தார்.

முதல் நாளே ஒரு பையின் தங்க நிறப் பக்கிளைப் புளி போட்டுத் தேய்த்து, நிறத்தையெல்லாம் உரித்துவிட்டார்.

"குத்துவிளக்குன்னு நினைச்சீங்களா டீச்சர்? இதெல்லாம் மேல்பூச்சு. சோப்புத் தண்ணி, பழைய டூத்பிரஷ். அவ்வளவுதான்."

"அப்போ பூச்சைப் பூசித் தங்கம் மாதிரி விக்கிறான் பாரு, அவன் மேலதான் கேஸ் போடணும்!"

வியாழக்கிழமைதோறும் பிலோமினாம்மா வருவார். தனியாக, அதே பழுப்புக் கைப்பையோடு.

"பூட்டு ஆடுது தஸ்லீமா."

தஸ்லீமா பூட்டின் இரண்டு திருகையும் கழற்றி, அழுக்கைத் துலக்கி, ஈரம் போகத் துடைத்து, மறுபடி மாட்டுவாள். அதற்குள் ஒரு மணி நேரம் பேச்சு ஓடிவிடும். மறு வியாழன் பூட்டு மறுபடி ஆடும்.

நாலாவது வாரம், பிலோமினாம்மா போனதும் டீச்சர் பொங்கிவிட்டார்.

"திருகுல ஒரு சொட்டு பசை விட்டா ஆயுசுக்கும் கழலாது. உனக்குத் தெரியும். ஏன் விடல? வயசானவங்களை இப்படி அலையவிடுறது அநியாயமில்லையா?"

"அடுத்த வாரம் நீங்களே செய்ங்க டீச்சர்."

செய்தார். பையை நீட்டி, "இனிமே இதுக்காக நீங்க அலைய வேண்டாம்மா" என்றார்.

பிலோமினாம்மா பூட்டை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"நல்லதும்மா" என்று எழுந்து போனார்.

அடுத்த வியாழன் அவர் வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் இல்லை. தஸ்லீமா தலை நிமிராமல் வேலை பார்த்தாள். டீச்சர் தெருவைப் பார்த்தபடி ஒரே ஜிப்பை மூன்று தரம் துடைத்தார்.

மூன்றாவது வியாழன் பிலோமினாம்மா வந்தார். பூட்டு கல் மாதிரி இருந்தது. தோள்வாரைப் பிடிக்கும் பித்தளை வளையம்தான் வாய் பிளந்திருந்தது.

"தானா பிரிஞ்சுடுச்சு தஸ்லீமா" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். "இரு, மூணு பேருக்கும் டீ வாங்கிட்டு வந்துடுறேன்."

அவர் தெருவைத் தாண்டியதும் டீச்சர் வளையத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இரண்டு பக்கமும் குறடு கடித்த தடம்.

"பாரு! வேணும்னே பிரிச்சுக் கொண்டாந்திருக்காங்க. எதுக்கு இந்தப் பொய்? வரட்டும், நேராவே கேட்டுடுறேன்."

தஸ்லீமா வளையத்தை வாங்கிக்கொண்டாள். உப்புத்தாளை எடுத்து, குறட்டின் தடம் தெரியாமல் போகும்வரை மெதுவாகத் தேய்த்தாள்.

"தொழில் கத்துக்கணும்னு சொல்லி வந்தீங்க டீச்சர். பென்ஷன் வாங்குற உங்களுக்குத் தொழில் எதுக்குன்னு நான் கேட்டேனா?"