வேகம் ஏறிய ப்ராசசர்

ஒரு கையடக்கக் கணினிக்குள் ஒரு ப்ராசசர் குடியிருந்தது. வேலை வந்தால் ஓடும். இல்லாவிட்டால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓய்வெடுக்கும். பக்கத்திலிருந்த பேட்டரிக்கு அந்தக் குணம் ரொம்பப் பிடிக்கும்.

கணினியின் சொந்தக்காரர் சகாயராஜுக்குத்தான் பிடிக்கவில்லை. எங்கோ தேடி ஒரு மென்பொருளைப் பிடித்துவந்து, செய்தவர்கள் வைத்த எல்லைக்கும் மேலே வேகத்தை ஏற்றிவிட்டார். இனி ஓய்வு கிடையாது. திரையின் மூலையில் அந்த வேகம் பெரிய எண்ணாக மின்னியது. ஆபீசில் ஒருவர் விடாமல் காட்டினார். அந்தக் கணினியில் அவர் பார்த்ததென்னவோ முகவரிகளும் நாள்காட்டியும்தான்.

ப்ராசசருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களாக்கா, என்னை எப்படி மதிக்கிறாரு?" என்றது பேட்டரியிடம்.

"மதிக்கட்டும்ப்பா. சோறு போடறது நான்தானே," என்றது பேட்டரி.

யாராவது முகவரி கேட்டால் ப்ராசசர் கண்மூடித் திறப்பதற்குள் தயாராகிவிடும். பிறகு மெமரி கார்டு அதைக் கொண்டுவரும்வரை கொதித்தபடி காத்து நிற்கும்.

"சீக்கிரம் வாய்யா."

"என் நடை இவ்வளவுதான். என்னை யாரும் ஏத்திவிடலையே," என்றது கார்டு.

"அப்ப நீ சும்மா நிக்கிறதுக்கா நான் இவ்வளவு கொட்டிக் கொடுக்கிறேன்?" என்று பேட்டரி ப்ராசசரைக் கேட்டது.

ப்ராசசருக்கு உறைத்தது. ஆனாலும் மூலையில் மின்னிய எண்ணைப் பார்த்ததும் அது மறந்துபோனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சகாயராஜ் பெண் பார்க்கத் திண்டுக்கல் போனார். பெண் வீட்டு முகவரியும் போன் நம்பரும் கணினிக்குள் இருந்தன. பஸ்ஸில் வழிநெடுக, பக்கத்து சீட்டுக்காரருக்கு வேகத்தைக் காட்டிக்கொண்டே வந்தார். பஸ் ஸ்டாண்டில் இறங்கி முகவரியைத் தேடியபோது, சூட்டில் உப்பிப்போயிருந்த பேட்டரி, "இனி முடியலப்பா," என்றது. திரை அணைந்தது.

பெண்ணின் அப்பா பெயரை மட்டும் சொல்லித் தெருத்தெருவாக விசாரித்து அவர் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

"சொன்ன நேரத்துக்கு வராதவருக்கு எப்படிங்க பொண்ணைக் கொடுக்கிறது?" என்று பெண்ணின் அப்பா நிதானமாகக் கேட்டார்.

மறுநாள் ரிப்பேர் கடையில் சகாயராஜ், "பேட்டரி சரியில்லைங்க. எல்லாத்தையும் அதுதான் கெடுத்துச்சு," என்றார். கடைக்காரர் அதைக் கழற்றி ஓரமாகப் போட்டார். பழி தன்மேல் விழாததில் ப்ராசசருக்கு நிம்மதி. அப்படி நிம்மதிப்பட்டது அதற்கே கூச்சமாகவும் இருந்தது.

புது பேட்டரியைப் போட்டதும், "புதுசுதானே, தாங்கும்," என்று சகாயராஜ் வேகத்தை இன்னும் ஒரு படி ஏற்றினார்.

புது பேட்டரி பணிவாகக் கேட்டது: "அண்ணே, இங்க வேலை அதிகமோ?"

"வேலை ஒண்ணும் இல்லம்மா," என்றது ப்ராசசர். "வேகம் மட்டும்தான் வேணுமாம்."