பெயர் கேட்ட பக்கம்

ஆசிரியை மெஹருன்னிசாவுக்கு வயது முப்பத்து நான்கு. அவரிடம் கணினி கற்றுவந்த தேவசகாயத்துக்கு அறுபத்திரண்டு. அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாணவர் "டீச்சர்" என்பார். டீச்சர் "சார்" என்பார்.

ஒரு நூலகத்துக்குக் கணினி அமைத்துக் கொடுக்க இருவரும் வால்பாறை போயிருந்தார்கள். அங்கே ஒரு ஹோட்டலில் தங்கினார்கள். மழையில் செல்போன் டவர் படுத்துவிட்டது.

காலை ஒன்பது மணிக்கு ஹோட்டல் தொலைபேசியில் தேவசகாயத்துக்கு அழைப்பு வந்தது; அவர் வீட்டில் எண் வாங்கி உடுமலை மருத்துவமனையிலிருந்து பேசினார்கள். அங்கே ஒரு பெண்ணுக்குப் பிரசவ ஆபரேஷன். பாம்பே குரூப் என்ற மிக அரிய வகை ரத்தம் வேண்டும். எந்த ரத்த வங்கியிலும் இல்லை.

அரிய வகை ரத்தம் உள்ளவர்களின் பட்டியலை அவர்தான் பல வருடங்களாகச் சேர்த்து வைத்திருந்தார். அது இணையத்தில் பூட்டிக் கிடந்தது. அதைத் திறக்கும் சாவி அவர் மடிக்கணினியில் மட்டும். அதில் ஓடுவது ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம். ஆயிரம் பேரில் ஒருவர் பயன்படுத்தினாலே பெரிது.

வைஃபை இணைந்தது. ஒரு பக்கமும் திறக்கவில்லை.

"ரூம் நம்பரும் பேரும் கேட்டு ஒரு பக்கம் வரும் சார். எல்லாருக்கும் வருதே," என்றாள் வரவேற்பறைப் பெண் சுகந்தி.

"எனக்கு வரலைம்மா. உங்க நெட்டுக்கு என் கணினியைப் புரிஞ்சுக்கத் தெரியலை!"

அவர் குரல் உயர்ந்தது. சுகந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

வைஃபை அமைப்புகளை மாற்றினார். கணினியை அணைத்துப் போட்டார். இருபது நிமிடம் போயிற்று.

டீச்சர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு அருகில் அமர்ந்தார்.

"ஹோட்டல் உங்களுக்கு ஐபி முகவரி கொடுத்துச்சா சார்?"

"கொடுத்துச்சு."

"எந்தத் தளம் எங்க இருக்குன்னு உங்க கணினி யாரைக் கேக்குது?"

"சேலத்துல என் வீட்டு சர்வரை."

"ஹோட்டல் சொன்னா?"

"காதுல வாங்காது. வெளியூர் வைஃபையை நம்பக் கூடாதுன்னு நான்தான் அப்படி எழுதி வச்சேன்."

"இப்போ சேலம் போக வழி இருக்கா?"

"பேரைப் பதியற வரைக்கும் ஹோட்டல் வெளியே விடாதே!" என்று மடிக்கணினியை டீச்சர் பக்கம் திருப்பினார் தேவசகாயம்.

அவர் அப்படி எழுதி வைத்திருந்த கோப்பை டீச்சர் திறந்தார். அந்த வரியைக் கணினி படிக்காமல் விடும்படி அதன் முன்னால் ஒரு ஹேஷ் (#) குறி போட்டார்.

"அழிக்கலையா டீச்சர்?"

"எதுக்கு? கொஞ்ச நேரம் பேசாம இருக்கட்டும்."

வைஃபையைத் துண்டித்து மறுபடி இணைத்தார். பூட்டுக் குறி இல்லாத ஒரு சாதாரணப் பக்கத்தின் முகவரியைத் தட்டினார். அந்தப் பக்கம் வரவில்லை. ஹோட்டலின் பக்கம் வந்தது. அறை எண்? பெயர்?

தேவசகாயம் இரண்டையும் தட்டினார். இணையம் வந்துவிட்டது.

பட்டியலைத் திறந்தார். பொள்ளாச்சியில் ஒருவர் இருந்தார்: மகுடபதி, லாரி பட்டறை. சுகந்தி தானே எண்ணைச் சுழற்றி ரிசீவரைத் தேவசகாயத்திடம் நீட்டினாள்.

மகுடபதி முழுக்கக்கூடக் கேட்கவில்லை. "எந்த ஆஸ்பத்திரிங்க? இதோ கெளம்பிட்டேன்."

பிறகு காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. தேவசகாயம் எழுந்து வரவேற்பு மேசைக்குப் போனார்.

"பதட்டத்துல கத்திட்டேம்மா. மன்னிச்சுக்கோ."

"பரவால்ல சார். டீ சொல்லட்டுமா?"

மதியம் இரண்டு மணிக்கு உடுமலையிலிருந்து அழைப்பு வந்தது. ரத்தம் ஏற்றியாகிவிட்டது. பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

தேவசகாயம் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். காலையிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சு இப்போதுதான் வெளியே வந்தது. சிரிப்பும் வந்தது.

"ஒண்ணு கேக்கணும் டீச்சர். நான் போட்ட பூட்டு தப்பா?"

"இல்ல சார். நல்ல பூட்டு. சாயங்காலம் அந்தக் குறியை எடுத்துடுங்க."

"அப்போ வெளியூர் போனா முதல்ல என்ன பண்ணணும்?"

டீச்சர் தேநீரை ஆற்றினார்.

"யாரு நீங்கன்னு போற இடத்து வீட்டுக்காரங்க கேப்பாங்க. பேரைச் சொல்லுங்க. சந்தேகப்படறதுக்கு அப்புறம் நிறைய நேரம் இருக்கு."